தூரமா எறியாதீங்க... பக்கத்துல போடுங்க!

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ, மகள் வீட்டுக்கோ போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்த பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். முதல் பதினைந்து நாள் பேரன், பேத்தி, ஊர் சுற்றல் என்று ஓடிவிடும். பதினாறாவது நாள்? மகனும் மருமகளும் ஆபீஸ். குழந்தை ஸ்கூல். கடுகு வாங்கக்கூட நடந்து போகிற தூரத்தில் கடை கிடையாது. சோபா, டி.வி., ஃபிரிட்ஜ்... இந்த மூன்றுக்கும் நடுவே நடப்பதுதான் நடை! ஊர் திரும்பி சுகர் டெஸ்ட் எடுத்தால் டாக்டர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்.

அப்படிப் போயிருக்கும்போது ஒரு சாயங்காலம் பக்கத்துப் பார்க்கில் அதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கம்பம் ஒன்று. அதன் தலையிலிருந்து சரம் சரமாகச் சங்கிலி தொங்கும். கீழே கம்பிக் கூடை. ‘இதென்ன, குப்பைத்தொட்டியா?’ என்று நீங்கள் யோசிப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் தட்டு பறந்து வந்து சங்கிலியில் ‘ஜலக்’கென்று மோதி, கூடைக்குள் விழும்!

அதுதான் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் பந்து, மட்டை, குழி. இதில் தட்டு, கை, கூடை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆரம்ப இடத்திலிருந்து தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். தட்டு கூடைக்குள் உட்காரும்வரை இப்படியே. குறைந்த எறிகளில் முடிப்பவர் ஜெயித்தவர். ஒரு மைதானத்தில் இப்படி 9 அல்லது 18 கூடைகள்.

அமெரிக்கப் பொதுப் பூங்காக்களில் பல இடங்களில் இது இலவசம். ஒரு தட்டு வாங்கினால் போதும். பெரும்பாலும் பத்து முதல் இருபது டாலருக்குள் முடிந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருந்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தட்டுகளைத் தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்தவர். 1975-ல் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் உள்ள ஓக் குரோவ் பார்க்கில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் யோசனைதான்; 1977-ல் காப்புரிமை வாங்கினார். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாகச் செய்தார்கள். என்ன ஒரு பிடிப்பு பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஆடப் போகிறீர்கள். அவன் நாலடி ஓடி வந்து ‘விர்ர்’ரென்று எறிகிறான். தட்டு எங்கோ போய்ப் புள்ளியாகத் தெரிகிறது. உங்களுக்கும் ஒரு வேகம் வருகிறது. ‘நாம மட்டும் என்ன...’ என்று முழு பலத்தையும் கொடுத்து வீசுகிறீர்கள். தட்டு பாதி தூரத்தில் இடது பக்கப் புதருக்குள் போய்விடுகிறது. தோளில் ‘சுருக்’. மறுநாள் காலை தலை வாரக் கை தூக்க முடியவில்லை.

இங்கேதான் பலரும் இந்த ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியது ஆட்டத்தை அல்ல, அந்த முதல் எறியின் மீதான மோகத்தை!

ஜெயிப்பது இரண்டாவது எறி

இந்த ஆட்டத்தில் எறிகள் மூன்று வகை. தூரம் போக எறிவது டிரைவ். பக்கத்தில் நின்று கூடையில் போடுவது பட். இரண்டுக்கும் நடுவில், கூடையை நெருங்குவதற்காக எறிவதுதான் அப்ரோச் ஷாட். ஏறக்குறைய 15 மீட்டரிலிருந்து 70, 75 மீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போடலாம். கூடை 90 மீட்டரில் இருக்கிறது. மகன் முதல் எறியில் 80 மீட்டர் போகிறான். ஆனால் மரத்துக்கு நடுவில். அங்கிருந்து நேராகக் கூடைக்கே குறிவைக்கிறான். தட்டு தாண்டிப்போய் 12 மீட்டரில் விழுகிறது. மூன்றாவது எறி சங்கிலியில் படாமல் போகிறது. நாலாவதில் முடிக்கிறான்.

நீங்கள்? முதல் எறி 50 மீட்டர்தான். ஆனால் நடுப்பாதையில். மீதி 40 மீட்டர். அதை அலட்டிக்கொள்ளாமல் கூடைக்கு மூன்று மீட்டர் பக்கத்தில் போடுகிறீர்கள். மூன்றாவது எறி கூடையில். மகனுக்கு 4, அப்பாவுக்கு 3!

இதில் பலம் எங்கே வந்தது? வரவே இல்லை. அதனால்தான் அம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு அப்ரோச் ஷாட் வரப்பிரசாதம். உடம்பு தாங்குகிற வேகத்தில் எறிந்தே மார்க்கைக் குறைக்கலாம்.

அந்த 247 அடி

2021 ஜூன் மாதம். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் உலக சாம்பியன்ஷிப். ஏற்கெனவே ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பால் மெக்பெத், கடைசிக் கூடைக்கு வரும்போது ஒரே ஒரு எறி வித்தியாசத்தில் முன்னால் இருந்தார். இரண்டாவது இடத்தில் ஜேம்ஸ் கான்ராட். கூடைக்கு இன்னும் 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர் தூரம். அங்கிருந்து நேரே உள்ளே போட்டால்தான் உண்டு. அவர் எறிந்த தட்டு மெல்லத் திரும்பி, இறங்கி, சங்கிலியில் மோதிக் கூடைக்குள் உட்கார்ந்தது! ஆட்டம் சமம். தொடர்ந்து நடந்த பிளே-ஆஃபில் கான்ராட்தான் சாம்பியன்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அத்தனை தூரத்துக்கு அவர் எடுத்தது வேகத் தட்டு இல்லை, சாதாரண ‘பட்டர்’ (தோசைக்குத் தடவுகிற பட்டர் இல்லைங்க, பட் போடுகிற தட்டுக்கு அப்படிப் பெயர்!). இரண்டு, நேரே கூடைக்குக் குறிவைத்ததற்குக் காரணம், அவருக்கு வேறு வழியே இல்லை. உங்களுக்கும் எனக்கும் வழி இருக்கிறது. கூடைக்குள் போட வேண்டாம். அடுத்த எறி சுலபமாக இருக்கிற மாதிரி போட்டால் போதும்.

எந்தத் தட்டு?

கடையில் சின்னப் பையன்கூட ‘டிரைவர்’ தட்டைத்தான் காட்டுவான். வேண்டாம். டிரைவருக்கு விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. அது பறக்க நல்ல கைவேகம் வேண்டும். மெதுவாக எறிந்தால் சட்டென்று பக்கவாட்டில் சரிந்து விழும். தரையில் பட்டும் வழுக்கிக்கொண்டே போகும்.

பட்டருக்கு விளிம்பு மழுங்கல். மெதுவாக எறிந்தாலும் நேராகப் போகும். விழுந்த இடத்திலேயே அனேகமாக நிற்கும். அப்ரோச்சுக்கு நமக்கு வேண்டியது இதுதானே?

பல தட்டுகளின் மேல் நாலு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண், எவ்வளவு வேகத்துக்கு ஏற்ற தட்டு. இரண்டாவது, எவ்வளவு மிதக்கும். மூன்றாவது, வேகமாகப் போகும்போது எவ்வளவு திரும்பும். நாலாவது, வேகம் குறைந்ததும் எதிர்ப்பக்கம் எவ்வளவு சரியும். முதல் எண் 2 அல்லது 3, கடைசி எண் 1 அல்லது 2 என்று பார்த்து எடுங்கள். எடை 165 முதல் 175 கிராம் என்பது வழக்கம். தோள், மணிக்கட்டு பலவீனம் என்றால் 150 கிராம் பக்கம் கேளுங்கள்.

ஏன் இடது பக்கம் போகிறது?

வலதுகைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை இடப்பக்கம் கொண்டுபோய் எறிந்தால், தட்டு கடைசியில் இடது பக்கம் சரியும். உங்கள் தப்பு இல்லை. மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் மாதிரி சுழல்கிறது. வேகம் குறையும்போது காற்று அதன் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. ஆனால் சுழல்கிற பொருள் தள்ளின பக்கம் சாயாது, அதற்குக் குறுக்குப் பக்கம் சாயும். பம்பரம் விழுந்துவிடாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறதே, அதே சங்கதி. முன்பக்கம் தூக்க வேண்டிய தட்டு, இடது பக்கம் சாய்கிறது.

எனவே என்ன செய்ய வேண்டும்? கூடைக்கு நேராக எறியாமல் கொஞ்சம் வலப்பக்கம் எறியுங்கள். கடைசியில் அதுவாகவே இடது பக்கம் வந்து சேரும். இடதுகைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ்.

எதிர்க்காற்று அடித்தால் தட்டு தூக்கிக்கொண்டு மிதக்கும். வழக்கத்தைவிட வலப்பக்கம் ஒதுங்கும். தாழ்வாக எறியுங்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால் தட்டு அமுங்கிச் சீக்கிரம் விழும். கொஞ்சம் உயர்த்தி எறியலாம்.

எறிவது எப்படி?

ஓடி வர வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். 40, 50 மீட்டருக்கு ஓட்டம் எதற்கு?

1. தட்டு கிடந்த இடத்தில் அடையாளம் வைத்து, அதற்குப் பின்னால் ஒரு காலை ஊன்றுங்கள். வலது தோள் கூடையைப் பார்க்கட்டும். கால்கள் தோள் அகலத்துக்கு. முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும்.

2. கட்டைவிரல் தட்டின் மேலே. ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி. மற்ற விரல்கள் அடியில் விசிறி மாதிரி விரிந்து தாங்கட்டும். நழுவாத அளவு பிடி போதும். கழுத்தைப் பிடிக்கிற மாதிரி வேண்டாம்!

3. தட்டை வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே ஒரே நேர்கோட்டில் பின்னால் கொண்டுபோய், அதே கோட்டில் முன்னால் இழுங்கள். உடம்பைச் சுற்றி வட்டமாக வீசினால் தட்டு எந்தத் திசையில் போகும் என்று அதற்கே தெரியாது.

4. முதலில் இடுப்பு திரும்பட்டும், பிறகு தோள், கடைசியில் கை. கையால் மட்டும் எறிந்தால் முழங்கைக்குத்தான் செலவு.

5. எறிந்த பிறகு முன்கால் பாதம் குதிகாலில் லேசாகத் திரும்பட்டும். அழுத்தி ஊன்றியபடியே உடம்பை முறுக்கினால் முழங்கால் மூட்டு சும்மா இருக்காது. கூடையிலிருந்து 10 மீட்டருக்கு வெளியே இருக்கும்போது, எறிந்த பிறகு ஓரடி முன்னால் வைக்க விதி இடம் தருகிறது. உள்ளே வந்துவிட்டால் கூடாது. பின்னாலேயே நிலையாக நிற்க வேண்டும்.

தூரத்தை எப்படிக் குறைப்பது? பலர் கையைத் தளர்த்தி ‘சொத்’தென்று எறிவார்கள். சுழற்சி குறைந்து தட்டு தள்ளாடி விழும். அது தப்பு. மணிக்கட்டின் சுண்டல் அப்படியே இருக்கட்டும். கையைப் பின்னால் கொண்டுபோகிற தூரத்தைக் குறையுங்கள். 50 மீட்டருக்கு முழுக்கை, 35-க்கு முக்கால், 20-க்கு அரை. இது பிடிபட்டால் பாதி ஆட்டம் பிடிபட்ட மாதிரி.

இன்னொரு சர்வசாதாரணமான தப்பு, தட்டின் முன்விளிம்பு வானத்தைப் பார்ப்பது. அப்படி எறிந்தால் தட்டு ஏறும், நிற்கும், பிறகு பாதியிலேயே இறங்கும். ‘பலம் பத்தலை’ என்று அடுத்த தடவை இன்னும் ஓங்கி எறிவோம். அது இன்னும் உயரப் போகும்! பலம் காரணம் இல்லை. முன்விளிம்பைத் தட்டையாக, அல்லது ஒரு நூல் கீழே பார்க்கிற மாதிரி வைத்து எறியுங்கள். ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டிப் பறந்தால் போதும்.

கூடையை மறங்க, கோலத்தைப் பாருங்க!

எறிவதற்கு முன் பத்து செகண்ட் நில்லுங்கள். கூடையை நடுப்புள்ளியாக வைத்து, சுற்றிலும் ஐந்து எட்டு தூரத்துக்கு ஒரு பெரிய கோலம் போட்டிருப்பதாக மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறி அந்தக் கோலம்தான், கூடை இல்லை.

பிறகு மூன்று கேள்விகள்.

ஆபத்து எந்தப் பக்கம்? கூடைக்குப் பின்னால் குளமோ, ரோடோ இருக்கிறதா? எல்லைக்கு வெளியே போனால் ஒரு எறி தண்டனையாகச் சேரும். அப்போது கோலத்தின் முன்பாதியில் போடுங்கள். குறைந்தால் பரவாயில்லை, தாண்டத்தான் கூடாது.

தரை எப்படி? சரிவில் தட்டு விளிம்பு குத்தி விழுந்தால் சக்கரம் மாதிரி உருண்டு ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் தட்டையாக இறக்குங்கள். கட்டாந்தரை, ஈரப்புல் என்றால் வழுக்கும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

வழி இருக்கிறதா? மரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டடி இடைவெளி வழியாகக் கூடைக்கே எறியலாம் என்று ஆசை வரும். வேண்டாம். பக்கவாட்டில் பத்து மீட்டர் தள்ளி வெளியே போடுங்கள். போனது ஒரு எறி. ஆசைப்பட்டால் போவது மூன்று!

வலப்பக்கம் வளைந்து போக வேண்டிய இடத்தில் ஃபோர்ஹேண்ட் எறி உதவும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுகிற மாதிரி பக்கவாட்டில் சுண்டுவது. தட்டு கடைசியில் வலப்பக்கம் சரியும். முழங்கையை இடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மணிக்கட்டால் சுண்டுங்கள். இதை ஓங்கி, அடிக்கடி எறிந்தால் முழங்கையின் உள்பக்கத் தசைநார் வலிக்கும். ஒரு ஆட்டத்துக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

இருபது நிமிஷப் பயிற்சி

ஐந்து பட்டர்கள் இருந்தால் நல்லது. ஒரு பழைய டவலைத் தரையில் விரித்து வையுங்கள். 15 மீட்டரில் நின்று ஐந்து, 25-ல் ஐந்து, 40-ல் ஐந்து. டவலிலிருந்து ஐந்து எட்டுக்குள் எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு ரவுண்டு, மொத்தம் முப்பது எறி. அத்தோடு நிறுத்துங்கள். வாரம் மூன்று நாள் போதும். பதினைந்தில் ஐந்து விழுந்தது எட்டாகும்போது, மகனோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் என்று அர்த்தம்.

உடம்பு பத்திரம்

இலவச விளையாட்டுதான். ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரி இலவசம் இல்லை! அதனால் இவற்றைக் கவனியுங்கள்.

• வண்டியிலிருந்து இறங்கியதும் எறியாதீர்கள். ஐந்து நிமிஷம் நடை, தோளைச் சுழற்றுவது, இடுப்பை இரண்டு பக்கமும் திருப்புவது, பிறகு மெதுவாக நாலு எறி. அப்புறம் ஆட்டம்.

• சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போகும் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ மற்றவர்களைவிட அதிகம் வரும். கை மேலே போகவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் எறிவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ‘ஆட ஆட சரியாயிடும்’ என்ற வைத்தியம் வேண்டாம்.

• மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ், பிஸ்கட், தண்ணீர் வையுங்கள். 18 கூடை முடிக்க இரண்டு, மூன்று மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். முதலில் 9 கூடையோடு நிறுத்திப் பாருங்கள்.

• செருப்பு வேண்டவே வேண்டாம். வேரும் கல்லுமாக இருக்கும். பிடிப்புள்ள ஷூ, சாக்ஸ்.

• தட்டு புதருக்குள் போனால் கண்ணை மூடிக்கொண்டு கையை விடாதீர்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் ‘பாய்ஸன் ஐவி’ பட்டால் தோல் கொப்புளித்து அரிக்கும். வடகிழக்கு மாநிலங்களில் ‘டிக்’ என்னும் உண்ணி கடித்து லைம் நோய் வரலாம். வீடு திரும்பியதும் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துவிட்டுக் குளியுங்கள்.

• முன்னால் ஆட்கள் இருந்தால் எறியக் கூடாது. தட்டு தப்பித்தவறி யார் பக்கமாவது போனால் ‘ஃபோர்!’ என்று கத்துங்கள். அதன் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

• இதய நோய், அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆடும்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல் என்றால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. உடனே உதவி கேளுங்கள்.

சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மகன் வழக்கம்போல ஓடி வந்து எறிகிறான். நீங்கள் உங்கள் ஐம்பது மீட்டரை நடுப்பாதையில் போடுகிறீர்கள். அவன் மரத்துக்கு நடுவில் தட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் நின்ற இடத்திலிருந்தே, முக்கால் கையில், கொஞ்சம் வலப்பக்கமாக... தட்டு மெல்ல இடது பக்கம் வந்து கோலத்துக்குள் படுத்துக்கொள்கிறது.

“எப்படிப்பா?” என்பான் மகன்.

உடனே சொல்லிவிடாதீர்கள். திரும்பி நடக்கும்போது சாவகாசமாகச் சொல்லலாம். ஆபீஸ் வேலையில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே நடக்க, இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா என்ன?